ஒரே நாளில் பட்ட காயம், மூன்று விதமான தழும்பு ஏன்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 27. ஏழு மாதத்துக்கு முன்னால் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது விழுந்துவிட்டேன். முழங்காலில் பெரிய சிராய்ப்பு, தோள்பட்டையில் வெட்டுக்காயம் (தையல் போட்டார்கள்), கெண்டைக்காலில் சைலன்சர் பட்டுச் சுட்ட காயம். இப்போது முழங்கால் கன்னங்கரேலென்று கறுத்துவிட்டது. தையல் போட்ட இடம் தடித்து, மேடாகி, சிவந்து அரிக்கிறது. சுட்ட இடம் நடுவில் வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் இருக்கிறது. ஒரே உடம்பு, ஒரே விபத்து, எப்படி மூன்று விதமாக ஆகும்? அந்த வெள்ளை, வெண்புள்ளி நோயா? மருந்துக் கடையில் ஒரு க்ரீம் வாங்கி மூன்றுக்கும் இரண்டு மாதமாகப் போடுகிறேன். டியூபில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், அப்புறம் ஏதோ ஒரு ஸ்டீராய்டு என்று எழுதியிருக்கிறது. எலுமிச்சைச் சாறும் தேய்த்துப் பார்த்தேன். லேசர் செய்தால் எல்லாம் போய்விடும் என்கிறாள் தோழி. செய்துகொள்ளலாமா?

பதில்: எலுமிச்சையை இன்றைக்கே நிறுத்துங்கள். அந்த க்ரீமையும் மூன்று இடத்திலும் நிறுத்திவிடுங்கள். லேசர் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். வெண்புள்ளியா என்று பயந்திருக்கிறீர்கள், நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது இல்லை, அதற்கும் வருகிறேன்.

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி "எப்படி மூன்று விதமாக ஆகும்" என்பதுதான். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் "டாக்டர், தழும்புக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று மொத்தமாகச் சொல்வார்கள், நிறம் மாறியதும் தோல் தடித்ததும் அவர்களுக்கு ஒரே விஷயம். தோலைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு. வேறு செல்கள், வேறு ஆழம், வேறு காலக்கெடு. அதனால்தான் மூன்று இடத்துக்கும் ஒரே க்ரீம் என்பது சரிவராது என்கிறேன்.

தோலில் மேல்தோல், உள்தோல் என்று இரண்டு அடுக்கு. மேல்தோலில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் இருப்பவை கெரட்டினோசைட் என்ற செல்கள். அந்த அடுக்கின் அடிமட்டத்தில் அங்கங்கே மெலனோசைட்டுகள், அதாவது நிறமி செய்யும் செல்கள், உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒரு மெலனோசைட் தன் நீண்ட கிளைகளை நீட்டி ஏறக்குறைய 36 கெரட்டினோசைட்டுகளுக்கு நிறமியைப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுக்கிறது. கறுப்பான தோலில் மெலனோசைட் அதிகம், வெளுத்த தோலில் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உடம்பின் ஒரே இடத்தை எடுத்துப் பார்த்தால் எல்லா நிறத்தவருக்கும் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். பொட்டலத்தின் அளவு, அதில் இருக்கும் நிறமி, அது எவ்வளவு நாள் சிதையாமல் நிற்கிறது, இவற்றில்தான் வித்தியாசம். உள்தோலில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் இருக்கின்றன, கொலாஜன் இழைகளைத் தயாரிப்பது இவற்றின் வேலை. இரண்டு அடுக்குக்கும் நடுவில் மெல்லிய அடித்தளச் சவ்வு ஒன்று இருக்கிறது. அந்தச் சவ்வு தப்பித்ததா கிழிந்ததா என்பதில்தான் உங்கள் மூன்று தழும்புகளின் கதையில் பாதி அடங்கியிருக்கிறது.

மெலனோசைட் நாம் நினைப்பதுபோலச் சுயமாக முடிவெடுக்கும் செல் அல்ல. எவ்வளவு நிறமி செய்ய வேண்டும் என்று அதற்கு அக்கம்பக்கத்துச் செல்கள்தான் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இதற்குச் சான்று உங்கள் உள்ளங்கையிலேயே இருக்கிறது, உடம்பின் மற்ற இடங்களைவிட அது ஏன் வெளுத்திருக்கிறது? அங்கே இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் டிகேகே1 என்ற ஒரு புரதத்தை நிறையச் சுரக்கின்றன, அது மேலே இருக்கும் மெலனோசைட்டுகளை அடக்கி வைக்கிறது. கீழ் அடுக்கில் இருக்கும் செல் மேல் அடுக்கின் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்றால் பாருங்கள். காயம் பட்டால் நடப்பதும் இதே மாதிரிப் பேச்சுவார்த்தைதான், ஆனால் கூச்சலும் குழப்பமுமாக.

சரி, முழங்கால். சிராய்ப்பு பரவலாக இருந்தாலும் ஆழம் குறைவு. அடித்தளச் சவ்வு பெரும்பாலும் தப்பித்திருக்கும், மெலனோசைட்டுகளும் உயிரோடு இருக்கும். ஆனால் சுற்றிலும் வீக்கம், சிவப்பு, எரிச்சல், இதைத்தான் அழற்சி என்கிறோம். அந்த நேரத்தில் கெரட்டினோசைட்டுகள் எண்டோதீலின், ஸ்டெம் செல் ஃபேக்டர், ஆல்ஃபா எம்எஸ்எச் போன்ற சமிக்ஞைகளை அனுப்பும், அழற்சி செல்களிடமிருந்து புரோஸ்டாகிளாண்டின்களும் லூகோட்ரையீன்களும் வந்து சேரும். எல்லாமே மெலனோசைட்டின் காதில் சொல்வது ஒன்றைத்தான்: இன்னும் செய், இன்னும் செய். காயம் ஆறிப் பல வாரம் ஆன பிறகும் அது வேகத்தைக் குறைப்பதில்லை. மருத்துவத்தில் இதை அழற்சிக்குப் பின்வரும் கருமை என்போம். இயல்பிலேயே மாநிறமோ கறுப்போ உள்ளவர்களுக்கு இது அதிகமாகவும் அதிக நாளும் நிற்கும். முழங்கால் வேறு, நாள் முழுக்க மடங்கி நிமிர்கிற இடம், பொருக்கு வெடித்து வெடித்து உரிந்திருக்கும், நீங்களும் கொஞ்சம் உரித்திருப்பீர்கள் (எல்லாரும் செய்வதுதான்). ஒவ்வொரு முறை உரியும்போதும் அழற்சி முதலிலிருந்து தொடங்குகிறது.

இதில் நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு விஷயம் உண்டு. நல்ல பகல் வெளிச்சத்தில் அந்தக் கருமையைப் பாருங்கள். காப்பித்தூள் நிறமா, இல்லை சாம்பலும் நீலமும் கலந்த நிறமா? பழுப்பு என்றால் நிறமி மேல்தோலிலேயே இருக்கிறது, மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிற அடுக்கு, ஆகவே மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆனாலும், மங்கும். சாம்பல் நீலம் என்றால் சவ்வு அங்கங்கே பழுதாகி நிறமி உள்தோலுக்குள் சிந்திவிட்டது, அங்கே மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொண்டு நகராமல் கிடக்கின்றன. எந்த க்ரீமும் அவற்றை எளிதில் எட்டாது, வருடங்கள் எடுக்கும். நிறைய பேருக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும். "ஆறு வாரத்தில் கருமை மாயம்" என்று விளம்பரம் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சையை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும். அமிலம் தோலை எரிக்கிறது, எரிச்சல் என்றால் அழற்சி, அழற்சி என்றால் மறுபடியும் நிறமி. போதாக்குறைக்கு எலுமிச்சை இனத்துச் சாற்றில் வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும் வேதிப்பொருள்களும் இருக்கின்றன, சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றவர்களுக்குச் சாறு வழிந்த கோட்டிலேயே கருந்தடம் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கல், நார், பிரஷ் வைத்துத் தேய்ப்பதும் இதே கணக்குத்தான். கறுப்பைத் தேய்த்து எடுக்க முடியாது, தேய்த்தால் வரும்.

முழங்காலுக்கு நான் சொல்வது: இரண்டு வாரம் வெறும் மாய்ஸ்சரைசர், வேறெதுவும் வேண்டாம், தோல் அமைதியாகட்டும். பிறகு அசெலாயிக் ஆசிட் 15 அல்லது 20 சதவீதம் இரவில் ஒருநாள் விட்டு ஒருநாள், தாங்கினால் தினமும். காலையில் நியாசினமைடு (இது நிறமிப் பொட்டலம் மெலனோசைட்டிலிருந்து கெரட்டினோசைட்டுக்குக் கைமாறுவதைக் குறைக்கிறது). எரிந்தால், உரிந்தால், நிறுத்திவிட்டு மாய்ஸ்சரைசருக்குத் திரும்புங்கள், பொறுத்துக்கொண்டு போட்டால் பலன் கூடும் என்பது தப்பு. மூன்று மாதம் கழித்துத்தான் பலன் இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டும். முழங்கால் வெயிலில் தெரிகிற உடை போடுவீர்கள் என்றால் சன்ஸ்கிரீன் அவசியம், அதிலும் அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்திலேயே இருக்கும் வகை வாங்குங்கள். கருமையான தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைக் கூட்டுகிறது, சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. முட்டி போட்டு உட்கார்வதையும் இயன்றவரை குறைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போட்டுக்கொண்டிருந்த க்ரீம் ஒன்றும் போலி மருந்து இல்லை. 1975-இல் வெளிவந்த பழைய கலவையிலிருந்து கிளைத்தது, முகத்தில் வரும் மங்குக்குத் தோல் மருத்துவர் பார்வையில் சில வாரம் கொடுக்கிறோம். ஆனால் பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில் போட்டவர்களுக்குச் சாம்பல் கலந்த கருநீலப் படிவு வந்துவிடுவதும் உண்டு, அதைப் போக்குவது முதல் கருமையைவிடக் கஷ்டம். அதைவிட முக்கியமாக, சுட்ட காயத்தின் நடுவில் ஏற்கெனவே நிறமி இல்லாத இடத்தில் நிறமியைக் குறைக்கும் மருந்தைப் போட்டிருக்கிறீர்கள்!

தோள்பட்டைக்கு வருவோம். இங்கே பிரச்சினை நிறமி இல்லை, ஃபைப்ரோபிளாஸ்ட். வெட்டு ஆழமாக உள்தோலுக்குள் போனதும் முதலில் ரத்தம் உறைகிறது, உறைந்த தட்டணுக்களிலிருந்தே டிஜிஎஃப் பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் வெளிவந்து செல்களைக் கூப்பிடுகின்றன. வெள்ளணுக்கள் வந்து சுத்தம் செய்கின்றன, அப்புறம் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் வருகின்றன. அவற்றில் ஒரு பகுதி, தசைச் செல்லைப் போல இழுத்துச் சுருங்கும் திறன் பெற்று மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறிக் காயத்தின் இரு ஓரத்தையும் கிட்டே இழுக்கின்றன. அவசரத்துக்கு மூன்றாம் வகை கொலாஜனைக் கொட்டிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் அதை முதலாம் வகையாக மாற்றுகின்றன. காயம் பட்டு மூன்று வாரத்தில் அந்த இடத்தின் பலம் பழைய தோலில் ஐந்தில் ஒரு பங்குதான், எவ்வளவு காலம் ஆனாலும் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. காரணம், நல்ல தோலில் கொலாஜன் பாய் முடைந்ததுபோலக் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கும், தழும்பில் எல்லா இழையும் ஒரே திசையில் நீட்டி அடுக்கப்பட்டிருக்கும்.

வேலை முடிந்ததும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் செத்துப்போக வேண்டும். அதுதான் ஒழுங்கு. அவை போகாமல் உட்கார்ந்து கொலாஜனைக் கொட்டிக்கொண்டே இருந்தால்தான் தழும்பு மேடாகிறது. ஏன் போகவில்லை? இழுவிசை ஒரு பெரிய காரணம். ஃபைப்ரோபிளாஸ்ட் தன்னைச் சுற்றியுள்ள இழுப்பை உணரும் செல், இழுப்பு இருக்கும்வரை காயம் இன்னும் பிரிகிறது என்று அது எடுத்துக்கொள்ளும். தோள், நெஞ்சு, மேல்முதுகு எல்லாம் ஒவ்வொரு கை அசைவுக்கும் இழுபடுகிற இடங்கள். உங்கள் தோளில் தடித்ததும் முழங்காலில் தடிக்காததும் தற்செயல் இல்லை. முழங்காலும் இழுபடுகிற இடம்தானே என்று கேட்பீர்கள். அங்கே காயம் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் வேலையைத் தொடங்கும் ஆழத்துக்கு இறங்கவில்லை.

இன்னொரு காரணம் மேலே இருக்கும் கெரட்டினோசைட்டுகள். பலரும் கவனிக்காத பகுதி இது. புதிதாக மூடிய மேல்தோல் நீரைச் சரியாகப் பிடித்து வைக்காது, ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த வறட்சியைக் கெரட்டினோசைட்டுகள் ஆபத்தாக எடுத்துக்கொண்டு இன்டர்லூகின் 1 போன்ற சமிக்ஞைகளைக் கீழே அனுப்ப, ஃபைப்ரோபிளாஸ்ட் அடங்காமல் இருக்கிறது. மேல்தோல் நன்றாக மூடி முதிர்ந்துவிட்டால் அதே கெரட்டினோசைட்டுகள், கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும்படி ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டுகின்றன. தீக்காயம் மேல்தோல் மூட மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தால் தழும்பு தடிக்கும் வாய்ப்பு ஏறிவிடுகிறது என்பது இதனால்தான். வாய்க்குள் கடித்துக்கொண்டால் தடயமே இல்லாமல் ஆறுவதைக் கவனித்திருப்பீர்கள், அங்கே மூடுவது வேகம், அழற்சி குறைவு, ஃபைப்ரோபிளாஸ்ட்டின் ரகமும் வேறு. கருவில் இருக்கும் குழந்தைக்குச் சுமார் 24 வாரம் வரை தோல் காயம் தழும்பில்லாமலே ஆறுகிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை போய்விட்டது.

சிலிக்கான் ஷீட் எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம். அதிலிருந்து மருந்து எதுவும் உள்ளே போவதில்லை. ஈரம் ஆவியாவதை அது குறைக்கிறது, மேலே கெரட்டினோசைட் அமைதியாகிறது, கீழே ஃபைப்ரோபிளாஸ்ட்டும் அடங்குகிறது. ஒருநாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மூன்று மாதம். வியர்க்கும்போது எடுத்துக் கழுவிவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வியர்க்குரு வரும்.

உங்கள் தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்திருக்கிறதா, எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவுகிறதா என்று பாருங்கள். எல்லைக்குள் என்றால் அது மிகைத்தழும்பு, ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே ஓரளவு தணியும். தாண்டுகிறது என்றால் கீலாய்டு, அது தானாக அடங்காது. எதுவானாலும் ஏழு மாதமாகியும் அரிப்பும் சிவப்பும் இருப்பதால் ஃபைப்ரோபிளாஸ்ட் இன்னும் வேலையில் இருக்கிறது என்று அர்த்தம், ஆகவே சிலிக்கானோடு நிறுத்தாமல் தழும்புக்குள் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள நேரில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, சில முறை போட வேண்டியிருக்கும். வலிக்கும், மறைக்கவில்லை. சுற்றியுள்ள தோல் கொஞ்சம் வெளுக்கலாம், பள்ளம் விழலாம், பெரும்பாலும் பிறகு சரியாகும். கீலாய்டாக இருந்து "வெட்டி எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், வெட்டிய பிறகு என்ன சிகிச்சை என்று கேளுங்கள். வெட்டுவது மட்டும் என்றால் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வரும், சில சமயம் முன்பைவிடப் பெரிதாக. வைட்டமின் ஈ எண்ணெய் தேய்க்கட்டுமா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம், 1999-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் தழும்புக்குப் பலன் இல்லை, போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைதான் வந்தது.

இனி அந்த வெள்ளை. சைலன்சர் சூடு மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கிறது. நடுவில் சூடு அதிகம், மெலனோசைட்டுகள் செத்திருக்கும், அல்லது பிழைத்தும் நிறமி செய்யாமல் இருக்கும். ஓரத்தில் சூடு குறைவு, செல்கள் பிழைத்துக்கொண்டன, ஆனால் அழற்சியால் உசுப்பப்பட்டு முழங்காலில் நடந்ததே அங்கும் நடக்கிறது. ஒரே காயத்தில் வெள்ளையும் கறுப்பும் வந்தது இப்படித்தான். வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மெலனோசைட்டுகளைத் தாக்கும் நோய், காயம் இல்லாத இடங்களிலும் வரும். வெள்ளை காயத்தின் எல்லையைத் தாண்டி விரிந்தாலோ, உதட்டோரம், விரல் நுனி என்று வேறெங்காவது தென்பட்டாலோ, வீட்டில் யாருக்காவது வெண்புள்ளி இருந்தாலோ உடனே காட்டுங்கள், ஏனென்றால் அந்த நோய் உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்திலேயே புதிதாகத் தொடங்குவதும் உண்டு. இல்லையென்றால் பயம் வேண்டாம்.

அந்த வெள்ளைக்குள் முடி முளைத்திருக்கிறதா? கண்ணாடி வைத்துப் பாருங்கள். மெலனோசைட்டுகளுக்கும் கெரட்டினோசைட்டுகளுக்கும் ஒரு சேமிப்பு, முடிவேரின் பக்கவாட்டில் இருக்கிறது. மேல்தோல் முழுக்க அழிந்தாலும் முடிவேர் பிழைத்திருந்தால் அங்கிருந்து ஸ்டெம் செல்கள் மேலே ஏறி வரும், வெள்ளைக்கு நடுவே முடியைச் சுற்றிச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகளாக நிறம் திரும்பும். அப்படிப் புள்ளி தெரிந்தால் எதையும் போடாமல் காத்திருங்கள், ஒன்றரை வருடம்வரைகூட. முடியே இல்லை, வழவழவென்று இருக்கிறது என்றால் தானாக நிறம் வருவது கடினம். அப்போதும் வழி இருக்கிறது: தழும்பு முதிர்ந்த பிறகு, அதாவது குறைந்தது ஒரு வருடம் கழித்து, 308 நானோமீட்டர் எக்ஸைமர் ஒளிச் சிகிச்சை, அல்லது உங்கள் தோலிலிருந்தே சின்னத் துண்டு எடுத்து மெலனோசைட்டையும் கெரட்டினோசைட்டையும் பிரித்து அந்த இடத்தில் பரப்புவது. கெண்டைக்காலில் ஒரு சிறு வட்டத்துக்கு இதெல்லாம் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். சுற்றியுள்ள கருவளையம் மங்கினாலே வெள்ளை பாதி கண்ணுக்குத் தெரியாது, அதனால் வளையத்துக்கு மட்டும் அசெலாயிக் ஆசிட், நடுவில் படாமல், போதும் என்பேன். அந்த இடத்தை வெயில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், நிறமி இல்லாத தோல் சீக்கிரம் கருகும். எப்போதாவது அந்தத் தழும்பில் புண் வந்து ஆறாமல் இருந்தால், எத்தனை வருடம் கழித்தானாலும், காட்டத் தவறாதீர்கள்.

அடுத்த முறை காயம் பட்டால் (படக்கூடாது, பட்டால்) "காற்றாட விடு, காய்ந்து பொருக்கு கட்டட்டும்" என்பதைக் கேட்காதீர்கள். 1962-இலேயே ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றித் தோலில் செய்து காட்டினார், மூடி ஈரமாக வைத்த காயத்தில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. சுத்தமான தண்ணீரில் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, மூடி வையுங்கள். தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றாதீர்கள், கிருமியோடு சேர்த்து வேலைக்கு வந்த கெரட்டினோசைட்டையும் அது கொல்லும்.

ஒன்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்: கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ அந்தப் பழைய டியூபை மறுபடி எடுக்கக் கூடாது. அசெலாயிக் ஆசிட் போடலாம்.

லேசர். தோளில் இருக்கும் சிவப்புக்கும் அரிப்புக்கும், ரத்தக் குழாய்களைக் குறிவைக்கும் லேசர் உதவும், ஊசியோடு சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. முழங்கால் கருமைக்கு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். லேசர் என்பது தோலுக்கு அளந்து கொடுக்கும் இன்னொரு காயம். காயத்துக்குக் கறுத்த தோல் லேசருக்கும் கறுக்கக்கூடும், அப்படிக் கூடுதலாகக் கறுத்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. க்ரீம் ஆறு மாதம் போட்டும் அசையவில்லை, செய்தே தீருவேன் என்றால், ஓரத்தில் ஒரு சிறிய இடத்தில் மட்டும் செய்து ஆறு முதல் எட்டு வாரம் பார்த்துவிட்டு மீதியைச் செய்கிற மருத்துவரிடம் போங்கள். "டெஸ்ட் எல்லாம் தேவையில்லை, இன்றைக்கே முழுசாகச் செய்துவிடலாம், பேக்கேஜ் இருக்கிறது" என்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.